பழைய ஜி41 போர்டில் 8 ஜிபி ரேம்: எனக்கு ஓடிய வழி

திருநகரில் அண்ணன் வீட்டு டெஸ்க்டாப் இது. ஜிகாபைட் கம்பெனியின் ஜி41 மதர்போர்டு (ஜி41 என்பது அதில் ரேமையும் பிராசசரையும் இணைக்கும் இன்டெல் சிப்செட்டின் பெயர்), கோர் 2 டுயோ பிராசசர், 2 ஜிபி ரேம். அண்ணன் மகள் பி.காம். படிக்கிறாள். டேலியைத் திறந்து வைத்துக்கொண்டு பிரவுசரில் நாலு டேப் போட்டால் மவுஸே நகராது. "சித்தப்பா, புதுசுக்கு அப்பாகிட்ட காசு கேக்க மனசு வரல. இதையே ஏதாச்சும் பண்ண முடியுமா?" என்று கேட்டாள். பண்ண முடிந்தது. ஆனால் ஒரே ஒரு விஷயம் தெரியாமல் இரண்டு சாயங்காலம் வீணாகப் போனது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. போர்டு எது என்று கண்ணால் பாருங்கள்

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் மெயின்போர்டு பக்கத்தில் மாடல் பெயரும் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) பதிப்பும் வந்துவிடும். அது மட்டும் போதாது. சைடு மூடியைக் கழற்றி, போர்டின் மூலையில் "ரெவ் 1.3" என்பது போல அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மாடலில் ரெவிஷனுக்கு ரெவிஷன் பயாஸ் ஃபைல் வேறு. செல்லில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் கடையில் பேசவும் வசதி.

விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை. முதலில் 64 பிட்டுக்கு மாறிவிடுங்கள்.

2. எத்தனை ஜிபி என்பதை விட எத்தனை சிப்பு என்பதுதான் முக்கியம்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜி41 சிப்செட் அதிகபட்சம் 8 ஜிபி தாங்கும். என் போர்டில் டிடிஆர்3 ஸ்லாட் இரண்டு. அப்படியானால் 4 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்கினால் தீர்ந்தது என்று வாங்கி வந்தேன். மாட்டி ஆன் செய்தால் திரை கறுப்பு, நீளமான பீப் சத்தம் நிற்காமல் வருகிறது. எரேசரால் ஸ்டிக்கின் அடியில் உள்ள தங்க நிறப் பல் வரிசையைத் தேய்த்தேன், ஸ்லாட் மாற்றினேன், ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தேன். அதே பீப். பயாஸ் பழசு, அதனால்தான் எடுக்கவில்லை என்று நானே முடிவு செய்து புதிய பதிப்பு பயாஸையும் ஏற்றினேன். அப்புறமும் அதே பீப்தான்.

மறுநாள் டவுன் ஹால் ரோட்டில் வேறொரு கடைக்குப் போனேன். அந்தப் பெரியவர் ஸ்டிக்கை வாங்கி முன்னும் பின்னும் திருப்பி, விரல் நகத்தால் சிப்பை எண்ணினார். "எட்டுதான் இருக்கு தம்பி. ஜி41க்குப் பதினாறு சிப்பு ஸ்டிக்கு வேணும்" என்றார்.

கணக்கு எளிது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட், ஆகவே 4 ஜிகாபைட் என்பது 32 ஜிகாபிட். எட்டு சிப்பில் அது வர வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட்டாக இருக்கும். பதினாறு சிப்பு என்றால் ஒவ்வொன்றும் 2 ஜிகாபிட். ஜி41இல் ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலருக்கு ஒரு சிப்பில் 2 ஜிகாபிட் வரைதான் தெரியும். இது சிலிக்கானிலேயே உள்ள எல்லை. எந்தப் பயாஸ் ஏற்றினாலும் மாறாது.

ஆகவே கடையில் "4 ஜிபி டிடிஆர்3 கொடுங்க" என்று கேட்காதீர்கள். "ரெண்டு பக்கமும் எட்டு எட்டு, மொத்தம் பதினாறு சிப்பு இருக்கிற ஸ்டிக்" என்று கேளுங்கள். கையில் வாங்கி எண்ணிப் பாருங்கள். ஹீட் ஷீல்டு போட்டு சிப்பை மூடிய ஸ்டிக் வேண்டவே வேண்டாம். விலை மலிவாக "ஏஎம்டி போர்டுக்கு மட்டும்" என்று விற்பவையும் இன்டெல் போர்டில் ஓடாது. 1333, 1600 என்று வேகம் எதுவானாலும் கவலை இல்லை, இந்தப் போர்டு பொதுவாக 1066இல்தான் ஓட்டும். போர்டில் இருப்பது டிடிஆர்2 ஸ்லாட் என்றால் டிடிஆர்3 உள்ளேயே போகாது, நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அழுத்திப் பார்க்காதீர்கள்.

3. பயாஸ்: தேவை இருந்தால் மட்டும்

கம்பெனி பக்கத்தில் புதிய பதிப்புக்குக் கீழே "மெமரி கம்பாட்டிபிலிட்டி" என்றோ, நீங்கள் போடப்போகும் பிராசசரின் பெயரோ இருந்தால் ஏற்றுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். புதிது என்பதற்காக மட்டும் ஏற்ற வேண்டாம்.

ஏற்றுவதாக இருந்தால் பழைய ரேம் போட்டு, சிஸ்டம் நன்றாக ஓடும்போதே ஏற்றுங்கள். புது ரேம் அப்புறம். விண்டோஸுக்குள் இருந்து ஏற்றும் மென்பொருளை நான் தொடுவதே இல்லை. நடுவில் விண்டோஸ் தொங்கினால் போர்டே போய்விடும். ஜிகாபைட் போர்டில், விண்டோஸ் இல்லாமலே பயாஸ் ஏற்ற க்யூ-ஃப்ளாஷ் இருக்கிறது, மற்ற கம்பெனிகளிலும் இதே போல ஒன்று உண்டு. சின்ன பென்டிரைவ் ஒன்றை ஃபேட்32இல் ஃபார்மட் செய்து, டவுன்லோடு செய்ததை விரித்து, பயாஸ் ஃபைலை மட்டும் அதில் போடுங்கள். லோகோ வரும்போது எண்ட் கீயை அழுத்தினால் க்யூ-ஃப்ளாஷ் திறக்கும். முதல் வேலை, இப்போது இருக்கும் பயாஸை அதே பென்டிரைவில் சேவ் செய்வது. பிறகு அப்டேட். முடியும் வரை கீபோர்டு, பவர் பட்டன் எதிலும் கை வைக்கக் கூடாது.

அடுத்தது கரண்ட். அன்றைக்கு உங்கள் ஏரியாவில் மாதாந்திர மின்தடை இருக்கிறதா என்று பேப்பரில் பார்த்துவிட்டு உட்காருங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் ஃபேன், லைட் நிற்காது, ஆனால் மாறுகிற அந்த இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டு, மெயினை ஒரு தடவை அணைத்துச் சோதித்த பிறகே தொடங்குங்கள்.

முடிந்ததும் பயாஸ் செட்டப்புக்குள் போய் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ் (கம்பெனி வைத்த அமைப்புகள்) லோடு செய்து சேவ் செய்யுங்கள்.

4. மாட்டுவது

பவர் கேபிளை உருவுங்கள். பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு ரேமை எடுங்கள். நம் ஊர்ப் புழுதிக்கு ஸ்லாட்டுக்குள் படிந்திருக்கும். புது பெயிண்ட் பிரஷ் ஒன்று போதும், வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். வெட்டைப் பொருத்தி இரண்டு ஓரத்திலும் கட்டைவிரலை வைத்து நேராக அழுத்தினால் கிளிப்புகள் தானாக நிமிர்ந்து 'டக்' என்று பூட்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டியிருந்தால் மாட்டவில்லை என்றே அர்த்தம்.

திறந்தது திறந்தாயிற்று, போர்டில் உள்ள சிஆர்2032 என்ற வட்டப் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தால் தேதி பின்னால் போய்விடும், பிரவுசரில் பாதி தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும்.

ஆன் செய்து 8 ஜிபி காட்டினால் உடனே மூடியைப் போட்டுவிடாதீர்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுங்கள். பழைய ரேம் வாங்கும்போதே "ஓடலைன்னா மாத்தித் தருவீங்களா?" என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குவது நல்லது.

(கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது, ரேமும் 4 ஜிபி இருக்கிறது என்றால் என் ஓட்டு முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டிக்கு.)

பின்சேர்க்கை

இதைப் பார்த்து மேலூர் நண்பர் ஒருவர் எச்61 (ஜி41க்குப் பின் வந்த இன்டெல் சிப்செட்) போர்டில் பயாஸ் ஏற்றினார். எல்லாம் சரியாக முடிந்து, விண்டோஸ் மட்டும் நீலத் திரை காட்டி நின்றுவிட்டது. காரணம் டிஃபால்ட்ஸ் லோடு செய்தது. ஹார்ட் டிஸ்க்கோடு போர்டு பேசும் முறையான சாட்டா மோடு முன்பு ஐடிஇயில் இருந்திருக்கிறது, இப்போது ஏஎச்சிஐக்கு மாறிவிட்டது. செட்டப்பில் திரும்ப ஐடிஇ வைத்ததும் விண்டோஸ் வந்துவிட்டது. அதனால் பயாஸ் ஏற்றும் முன் செட்டப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்லில் போட்டோ எடுத்து வையுங்கள். எச்61க்குப் பதினாறு சிப்புத் தொல்லை கிடையாது, எட்டு சிப்பு 4 ஜிபி ஸ்டிக்கே ஓடும். நான் முதலில் வாங்கிய இரண்டு ஸ்டிக்கும் இப்போது அவர் போர்டில்தான் ஓடுகின்றன.