"வண்டி தானா பாய்ஞ்சிருச்சு": நம்புவதிலும் சிரிப்பதிலும் நடக்கும் தவறுகள்

பார்க்கிங்கிலிருந்து கிளம்பிய கார் எதிரே இருந்த சுவரை இடித்து நிற்கிறது. "பிரேக்கைத்தான் மிதிச்சேன், வண்டி தானா பாய்ஞ்சிருச்சு" என்கிறார் ஓட்டியவர். சுற்றி நிற்பவர்கள் உடனே இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் கோளாறு என்கிறது ஒன்று, ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டுப் புளுகுகிறார் என்கிறது மற்றொன்று. இப்படிப்பட்ட புகார்களில் சந்தேகம் பெரும்பாலும் நியாயம்தான். ஆனால் அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு நாம் போகும் வழியில் பள்ளங்கள் நிறைய.

"பொய் சொல்கிறார்" என்று முடிவுகட்டுவது

பெடல் மாறி மிதித்தவர்களில் பெரும்பாலானோர் பொய் சொல்வதில்லை. பிரேக்கை மிதித்ததாக உண்மையிலேயே நம்புகிறார்கள். கால் எங்கே இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை; பழக்கம்தான் காலை நடத்துகிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது இடுப்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தால், குதிகால் ஊன்றிய இடம் சில சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்ந்துவிடக்கூடும். பிறகு பிரேக் என்று நினைத்துக் கீழே இறங்கும் கால், ஆக்சிலரேட்டர் மேல் போய் விழும். வண்டி சீறுகிறது. மூளை இட்ட கட்டளை "பிரேக்". வண்டி நிற்கவில்லை என்றால் இன்னும் பலமாக மிதிப்பதுதான் இயல்பு. மிதிக்க மிதிக்க வேகம் கூடுகிறது. நாலைந்து வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது, தவறை உணர்ந்து காலை எடுக்க அவகாசமே இல்லை. "பலமா மிதிச்சேன், பிடிக்கவே இல்ல" என்ற வாக்குமூலம் இந்த வரிசைக்கு அப்படியே பொருந்துகிறது.

பிரேக் என்ன ஆயிற்று என்று கேட்காமல் விடுவது

சந்தேகப்படுபவர்கள் கையில் இருக்கும் பலமான கேள்வி இதுதான். ஆனால் இதைக் கேட்பவர்கள் குறைவு. சாதாரண கார்களில் பிரேக்கின் பலம் என்ஜினின் பலத்தைவிட அதிகம். நின்றிருக்கும் காரில் பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரையும் தரையோடு அழுத்தினால், கார் பாய்ந்து ஓடாது. எனவே நின்ற இடத்திலிருந்து பிரேக் மிதித்தும் பாய்ந்தது என்றால், த்ராட்டில் (என்ஜினுக்குள் காற்றை விடும் கதவு) தானாகத் திறந்திருக்க வேண்டும். அதே நொடியில் அதோடு தொடர்பில்லாத ஹைட்ராலிக் பிரேக்கும் செத்திருக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு இரண்டும் தாமாகவே சரியாகியிருக்கவும் வேண்டும். மூன்றும் ஒன்றாக நடப்பது மிக மிக அரிது.

நெடுஞ்சாலை வேகத்தில் கதை வேறு. பெட்ரோல் கார்களில், மிதிக்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டர் என்ஜினின் வெற்றிடத்தில் இயங்குகிறது. த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும்போது அந்த வெற்றிடம் உருவாவதில்லை. பூஸ்டரில் சேமிப்பாக இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். விட்டு விட்டு மிதித்தால் அதுவும் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும். அரைகுறையாக மிதித்துக்கொண்டே நெடுந்தூரம் போனால் பேடும் டிஸ்க்கும் வெந்து பிடிப்பு போய்விடும். இதில் ஒரு தடயமும் கிடைக்கிறது: த்ராட்டில் உண்மையிலேயே மாட்டிக்கொண்டு ஓட்டியவர் போராடியிருந்தால், பிரேக்கில் சூட்டின் அடையாளம் இருக்கும். பெடல் மாறியிருந்தால் பிரேக் அலுங்காமல் இருக்கும்.

எல்லாப் புகாரையும் ஒரே மூட்டையில் கட்டுவது

2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ அருகே, டீலர் தற்காலிகமாகக் கொடுத்த, டொயோட்டாவின் லெக்ஸஸ் காரில் 4 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல்துறை அதிகாரி. கார் ஓட்டத் தெரியாதவர் அல்ல. வேறு மாடலுக்கான ரப்பர் மேட்டை (காலடியில் விரிக்கும் விரிப்பு) போட்டிருந்தார்கள், அதில் ஆக்சிலரேட்டர் பெடல் மாட்டிக்கொண்டது. பிரேக்குகள் வெந்து போயிருந்தன. அதே காரைச் சில நாட்களுக்கு முன் எடுத்துப் போன இன்னொருவருக்கும் பெடல் மாட்டியது. அவர் எப்படியோ நிறுத்தி மேட்டை விடுவித்துவிட்டார். இங்கே கம்ப்யூட்டரும் குற்றவாளி இல்லை, கால் மாறவும் இல்லை.

மேட் ஒரு வகை. மிதித்த பெடல் மெதுவாகத் திரும்புவது இன்னொரு வகை. 2010 ஜனவரியில் டொயோட்டா இதற்காகவே ரீகால் செய்தது. ஐடிலிங், அதாவது பெடலை மிதிக்காதபோது என்ஜின் சுழலும் வேகம், திடீரென ஏறி வண்டி ஒரு அடி துள்ளி, அந்தப் பதற்றத்தில் கால் தவறுவதும் உண்டு. அதில் பாதிக் குற்றம் வண்டியுடையது, பாதி காலுடையது. ஓர் உடனடித் தீர்ப்புக்குள் இதெல்லாம் அடங்காது.

"நாசாவே இல்லைன்னு சொல்லிருச்சு" என்பது

2011 பிப்ரவரியில் வெளிவந்த நாசா அறிக்கையை இரு தரப்புமே தப்பாகத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். டொயோட்டாவின் எலக்ட்ரானிக் த்ராட்டில் பெரிய அளவில் தானாகத் திறந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது அறிக்கை. நடக்கவே முடியாது என்று அது சொல்லவில்லை. பழுதான ஒரு பெடல் சென்சாரில் மயிர் போன்ற மெல்லிய வெள்ளீய இழைகள் வளர்ந்து ஷார்ட் ஆகியிருந்ததையும் அதே அறிக்கைதான் பதிவு செய்தது. எலக்ட்ரானிக் பெடலில் சென்சார் ஒன்றல்ல, இரண்டு. இரண்டின் வோல்டேஜும் வேறுவேறு. பெடல் நகரும்போது குறிப்பிட்ட கணக்கில் சேர்ந்து ஏற வேண்டும். கணக்கு உதைத்தால் கம்ப்யூட்டர் என்ஜின் சக்தியைக் குறைத்துவிடும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கணக்குக்குள் அடங்கிப்போகும் பிழையை அது எப்படிப் பிடிக்கும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். 2013இல் ஓக்லஹோமாவில் ஒரு ஜூரி, கேம்ரி காரின் மென்பொருள் மீதான சாட்சியத்தைக் கேட்டு டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2014இல் மேட், பெடல் பிரச்சினைகளைப் பற்றி மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக அமெரிக்க அரசுக்கு அந்த நிறுவனம் 120 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. கம்பெனி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எதிர்ப்பக்கப் பாடம், ஜெர்மனியின் ஆடி (Audi) நிறுவனத்தின் 5000 என்ற கார். 1986 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று, அதன் ஆக்சிலரேட்டர் பெடல் தானாக இறங்குவதைக் காட்டியது. கியர்பாக்ஸில் துளை போட்டு அழுத்தக் காற்றைச் செலுத்தித்தான் அப்படிக் காட்டியிருந்தார்கள். 1989இல் அரசின் ஆய்வு பெடல் மாறியதையே முக்கியக் காரணமாகச் சொன்னது. அதற்குள் அமெரிக்காவில் ஆடி விற்பனை படுத்துவிட்டது. அந்தக் களேபரத்தில் விளைந்த நன்மை ஒன்று: ஆட்டோமேட்டிக் கார்களில் பிரேக்கை மிதிக்காமல் 'பார்க்' (P) நிலையிலிருந்து கியர் நகராத பூட்டு.

பதிவுப் பெட்டியைச் சாமியாக்குவது

ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பதிவுக் கருவி, மோதலுக்கு முந்தைய 5 வினாடிகளைப் பெரும்பாலும் அரை வினாடிக்கு ஒரு வரியாகக் காட்டும்: வேகம், ஆக்சிலரேட்டர் சதவீதம், பிரேக் ஆன் அல்லது ஆஃப். அங்கே "ஆக்சிலரேட்டர் 100" என்றிருந்தால், பெடல் சென்சார் அப்படிச் சொன்னது என்று பொருள். கால் எங்கே இருந்தது என்பதை அந்த வரி நேரடியாகச் சொல்லாது. பிரேக் ஆன் என்பதும் சுவிட்ச் தொட்டதைத்தான் சொல்லும், எவ்வளவு பலம் என்று சொல்லாது.

அதற்காகக் குப்பையில் போடவும் கூடாது. வெளிச்சாட்சியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 அன்று தென்கொரியத் தலைநகர் சோலில் 9 பேர் இறந்த விபத்தில், பிரேக் கல்லாக இருந்தது, பிடிக்கவில்லை என்றார் ஓட்டியவர். பதிவில் ஆக்சிலரேட்டர்தான் மிதிபட்டிருந்தது. சிசிடிவியில் பிரேக் லைட் எரியவில்லை. அவருடைய ஷூ அடியில் ஆக்சிலரேட்டர் பெடலின் அச்சு இருந்தது. இப்படி மூன்று சாட்சிகள் ஒரே பக்கம் காட்டினால் முடிவுக்கு வரலாம்.

வயதானவர் என்றால் கேள்வியே கேட்காமல் தீர்ப்பு எழுதுவதும் தவறு. அமெரிக்க ஆய்வில் பெடல் தவறு முதியவர்களிடம் மட்டுமல்ல, 20 வயதுக்குட்பட்டவர்களிடமும் அளவுக்கு மீறிக் காணப்பட்டது.

"இன்னும் அழுத்தி மிதி" என்று மட்டும் சொல்லிக் கொடுப்பது

கால் தவறான பெடலில் இருந்தால் இந்த அறிவுரை ஆளைக் கொல்லும். காரணம் எதுவாக இருந்தாலும் உதவும் வரிசை இது: மிதித்த காலை முழுதாக எடுத்து, இடப்பக்கமாக நகர்த்தி, பிரேக்கை ஒரே மிதியாக மிதித்துப் பிடியுங்கள், விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். என்ஜின் அலறும், ஆனால் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு அதைப் பார்த்துக்கொள்ளும். எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் இருந்தால் பல கார்களில் அதைத் தொடர்ந்து இழுத்துப் பிடித்தாலும் வேகம் குறையும். கார் நின்ற பிறகுதான் என்ஜினை அணைக்க வேண்டும். ஓடும்போது சாவியைக் கடைசி வரை திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். பட்டன் ஸ்டார்ட் கார்களில், வேறு வழியின்றி ஓடும்போதே அணைக்க நேர்ந்தால், ஒரு தட்டு பெரும்பாலும் போதாது, சில வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும் அல்லது அடுத்தடுத்துத் தட்ட வேண்டும். எது உங்கள் காருக்கு என்பதைக் கையேட்டில் இன்றே பார்த்து வையுங்கள். கிளட்ச் உள்ள வண்டியில் கிளட்ச்சை மிதித்தாலே என்ஜினின் இழுப்பு சக்கரத்துக்குப் போகாது.

விபத்து நடந்துவிட்டால், காயம்பட்டவர்களைக் கவனித்த பிறகு ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தைப் படம் எடுங்கள், மேட்டை யாரும் தொடுவதற்கு முன்பே. மேட் கொக்கியில் மாட்டியிருக்கிறதா, ஒன்றின் மேல் ஒன்று கிடக்கிறதா, பெடலுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் உருண்டிருக்கிறதா என்று தெரியும்படி எடுக்க வேண்டும். அணிந்திருந்த செருப்பையோ ஷூவையோ கழுவாமல் பத்திரப்படுத்துங்கள். ஏர்பேக் விரியாத மோதலின் பதிவு, வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால் அழிந்துபோகலாம். தரவை எடுக்கும்வரை காரை ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போவதே சரி.