கோப்பி வறுத்து விற்கிறவர்களுக்கு

மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் சின்னதாகக் கோப்பி வறுத்து விற்கிறீர்களா? வறுத்த திகதியைப் பக்கற்றில் பேனையால் என்றாலும் எழுதிவிடுங்கோ. சனம் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.

வறுத்த சூட்டோடு பக்கற்றை ஒட்ட வேண்டாம். கொட்டையிலிருந்து கரியமிலவாயு வந்துகொண்டே இருக்கும்; பக்கற் ஊதும், சிலவேளை ஒட்டும் விட்டுப்போகும். நன்றாக ஆறவிட்டு, ஒரு நாள் கழித்துக் கட்டலாம். அரைத்துவிட்டால் வாசம் வேகமாகப் போய்விடும். ஆகவே முழுக் கொட்டையாக வைத்திருந்து, ஆள் வந்து கேட்டபிறகு அரையுங்கோ. அந்த வாசம் றோட்டால போறவரையும் கடைக்குள் இழுக்கும்; விளம்பரப் பலகைக் காசு மிச்சம்.

அரைபடும் நேரத்தில் கதை கொடுங்கோ. வெறும் கோப்பியா, மல்லியும் சுக்கும் சேர்க்கவா, எவ்வளவு கறுக்க வறுக்க? ஒரு கொப்பியில் குறித்து வைத்தால், அடுத்தமுறை "அக்கா, போனமுறை மாதிரித்தானே?" என்று கேட்கலாம். மல்லி சேர்த்தால் அதையும் பக்கற்றில் எழுதத்தான் வேணும், ஒளிக்கக் கூடாது.

விலை போடும்போது ஒன்று: ஒரு கிலோ பச்சைக் கொட்டை வறுத்தால் ஏறத்தாழ 850 கிராம்தான் மிஞ்சும். கறுக்க வறுத்தால் இன்னும் குறையும்.