நோய் பிடித்த மரத்தை விற்கப் போகிறீர்களா? திருகோணமலைக்காரருக்கு ஒரு செய்முறை

வளவில் நிற்கிற பலா நுனியிலிருந்து காய்ந்து வருகிறது. அல்லது முதிரையின் அடியில் காளான் தட்டுத் தட்டாக விரிந்திருக்கிறது. விறகாகிப் போகும் முன்னே விற்றுவிடலாம் என்பது நல்ல யோசனைதான். ஆனால் பட்டுப்போகிற மரத்தை யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்து வாளை எடுத்துவிடாதீர்கள். நோய் இருந்தாலும் பெர்மிட் வேண்டும். வெட்டிய பிறகு அனுமதி கேட்பது பெரிய தலையிடி.

முதலில் என்ன மரம், யாருடைய காணி என்று பாருங்கள்

பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றும் மரம் தறிப்பதைக் கட்டுப்படுத்தும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்துக்குள் வருகின்றன. உங்கள் சொந்த உறுதிக்காணியில் நின்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. முதிரை, தேக்கு, பாலை போன்றவற்றை ஏற்றிப் போகும்போது வன இலாகாவின் பெர்மிட் கையில் இருக்க வேண்டும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் குடியேற்றத் திட்டங்களில் நிறையப் பேருக்கு இருப்பது அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி. அதில் நிற்கிற மரத்தைப் பற்றி முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேளுங்கள். தெரு ஓரத்து மரத்தைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது விதானையார்

கிராம சேவகரிடம் போய், அவர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பியுங்கள். உறுதியின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி இரண்டையும் கொண்டுபோங்கள். காரணம் எழுதும் இடத்தில் "நோய்" என்று ஒற்றைச் சொல்லை எழுதி விடாதீர்கள். எந்தப் பக்கம் காய்கிறது, எங்கே பொந்து, வீட்டின் மேல் சாய்கிறதா என்று விபரமாக எழுதுங்கள். போனில் நாலு படம் எடுத்து வையுங்கள்.

பார்க்க வருகிற அதிகாரி மரத்தின் சுற்றளவை அளப்பார். அதற்கு முன் நீங்களே கோடரியின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். "ணங்" என்று கேட்டால் வைரம் இருக்கிறது. "டொப்" என்றால் உள்ளே கோறை, அதாவது பொந்து. வாங்க வருகிறவர் கோறையைக் காட்டித்தான் விலையைக் குறைப்பார். அது எவ்வளவு தூரம் என்று உங்களுக்கும் தெரிந்திருந்தால் பேசலாம்.

தறித்த பிறகு

இந்த இடத்தில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். நோயும் வண்டும் பெரும்பாலும் பட்டையிலும் அதை அடுத்த வெள்ளைப் பகுதியிலும் இருக்கும். பட்டையை வளவிலேயே உரித்துவிடுங்கள். வாள்தூள், சிறு கொப்பு, உளுத்த துண்டு எல்லாவற்றையும் அங்கேயே எரித்துவிடுங்கள். சும்மா கொடுத்தாலும் பக்கத்து ஊருக்கு விறகாக அனுப்பாதீர்கள்.

தென்னை என்றால் இன்னும் கவனம். தண்டில் சிறு துளை, அதிலிருந்து செம்பழுப்பாக ஒரு கசிவு, புளித்த நாற்றம், காதை வைத்தால் உள்ளே கறுக்கு முறுக்கென்று சத்தம்: செவ்வண்டின் புழுக்கள் தின்றுகொண்டிருக்கின்றன. அந்தத் தண்டைக் கைமரம், சலாகை என்று விற்கப் பார்க்காதீர்கள். பிளந்து எரிக்க வேண்டும். உக்கவிட்டால் காண்டாமிருக வண்டும் அதிலே வந்து முட்டையிடும். நோய் பரவாமல் தடுக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் கொடுக்கிற தாவரப் பாதுகாப்புச் சட்டம் 1999இலிருந்தே இருக்கிறது. ஆகவே சந்தேகம் என்றால் முதலில் விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஏற்றும் நாள்

குற்றிகளை அளந்து எழுதிய போக்குவரத்துப் பெர்மிட் வந்த பிறகே லொறியைக் கூப்பிடுங்கள். எத்தனை குற்றி, என்ன அளவு, எந்த வாகனம், எங்கிருந்து எங்கே, எந்த நாள் வரை என்று அதில் இருப்பதும் லொறியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் லொறி மாறினால் பெர்மிட்டையும் மாற்ற வேண்டும். லாண்ட்மாஸ்டரில் ரெண்டு குற்றிதானே என்ற சாக்கு செக் பொயின்டில் எடுபடாது. அசல் பெர்மிட் சாரதியிடம் இருக்கட்டும், நீங்கள் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பகலிலேயே ஏற்றி அனுப்புங்கள்.

மரக்காலைக்கும் அரிகிற மில்லுக்கும் வன இலாகாவின் பதிவு இருக்க வேண்டும். பதிவைக் காட்டத் தயங்குகிறவர் கன அடிக்கு நூறு ரூபாய் கூடத் தருகிறேன் என்றாலும் வேறு மரக்காலையைப் பாருங்கள்.