இரவல் உலகத்தில் சொந்தக் கதை: முதல் டை-இன் நாவல் எழுதும் முறை

அறிவியல் புனைகதை எழுத ஆசை இருக்கிறது, குடும்பத்துக் கதையும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, ஆனால் ஒரு முழு உலகத்தை முதலிலிருந்து கட்டி எழுப்பத் தெம்பில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பாம்பன் சின்னப்பாலத்துக்காரி. என் அப்பத்தா ஐம்பது வருஷம் கடலில் பாசி எடுத்தவர். என் முதல் நாவல், நண்பர்கள் நடத்தும் ஓர் ஒலித்தொடரின் உலகத்தில் நடக்கிறது. வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில், பனியைக் குடைந்து அமைத்த ஒரு குடியிருப்பு. எங்கள் ஊர்ப் பாசிக்கும் அந்தப் பனிக்கும் என்ன சம்பந்தம் என்பது போகப் போகப் புரியும்.

டை-இன் நாவல் என்றால், ஏற்கனவே இருக்கும் ஒரு தொடர், சினிமா அல்லது வீடியோ கேமின் உலகத்தைச் சார்ந்து எழுதும் நாவல். படத்தின் கதையை அப்படியே நாவலாக்குவதும் இதில் ஒரு வகை. நான் சொல்லப்போவது இன்னொரு வகை. உலகம் அவர்களுடையது, கதை உங்களுடையது.

படி 1: அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, ஒரு படைப்பைத் தழுவி எழுதும் உரிமை அதன் உரிமையாளரிடம் இருக்கிறது. நண்பர்தானே என்று வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தும் இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று போடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். எந்தெந்த நாட்டுக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். எங்கள் ஒப்பந்தம் இரண்டே பக்கம். நான் புதிதாகப் படைக்கும் பாத்திரங்கள் யாருக்குச் சொந்தம், கைப்பிரதியைப் படித்து ஒப்புதல் தருவது யார், எத்தனை நாளுக்குள் தருவார் என்ற மூன்றையும் அதில் கேட்டுச் சேர்த்தேன். நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

படி 2: நோட்டில் இரண்டு பக்கம்

தொடரை முதல் தடவை ரசிகையாகக் கேட்டேன், அடுத்த தடவை நோட்டோடு உட்கார்ந்தேன். இடப்பக்கத்தில் கை வைக்கக் கூடாதவற்றை எழுதினேன்: குடியிருப்பின் வரலாறு, யார் தலைவர், யார் எந்தப் பகுதியில் இறக்கிறார். வலப்பக்கத்தில் தொடர் வாய் திறக்காத விஷயங்கள்.

இடப்பக்கம் நீளும்போது பயமாகத்தான் இருக்கும். தொடரின் நாயகனை நீங்கள் சாகடிக்க முடியாது, அங்கே நடக்கும் சண்டையை நிறுத்த முடியாது. நாவல் முடியும்போது அந்த உலகம், தொடர் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். ஆனால் எனக்குக் கதையைக் கொடுத்ததே இந்தக் கட்டுதான். பிறந்த வீடும் இப்படித்தானே? நமக்கு முன்னால் நடந்தவற்றை மாற்ற வழியில்லை. பெயரும் தொழிலும் கேட்காமலே வந்து சேர்ந்தவை. அதற்குள் நின்றுகொண்டு ஒருத்தி தன் வீட்டோடு எப்படி ஒட்டுகிறாள் என்று எழுத, மாற்ற முடியாத உலகத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

வலப்பக்கத்தில் எனக்குக் கிடைத்தவள் ஓர் ஆய்வகத்துப் பெண். தொடர் முழுக்க அவள் பேசுவது பன்னிரண்டு வரி. ஊர் எது, யார் வீட்டுப் பிள்ளை என்று எங்கேயும் வரவில்லை. இவளை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன், கொடுத்தார்கள்.

படி 3: உங்கள் வீட்டுக் கைகள் செய்த வேலை ஒன்று

குடும்பப் பாரம்பரியம் என்றதும் புதிதாக எழுதுபவர்கள் கோயில் திருவிழாவுக்கும் பழமொழி சொல்லும் தாத்தாவுக்கும் போய்விடுகிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் வீட்டில் யாரோ தினமும் கையால் செய்த ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வலை பின்னுவது, ஓலைக் கொட்டான் முடைவது, உப்பு வாருவது, எதுவானாலும் சரி. அதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்து எழுதுங்கள்.

என் அப்பத்தா விடியுமுன் எழுந்து, பழைய சேலையில் கிழித்த துணியை விரல் விரலாகச் சுற்றுவார். பாறையும் சிப்பியும் கீறாமல் இருக்க. இடக்கையைக் கட்டி முடித்தபின் வலக்கைக்கு உதவ ஒழுங்கான விரல் இருக்காது. அதனால் துணி நுனியைப் பல்லால் கடித்து இழுத்துத்தான் முடிச்சுப் போடுவார். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குத் தகடு, இடுப்பில் பை. மூச்சடக்கி இறங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பார், கட்டக்கோரைப் பாசி கிடைத்தால் அதையும். திரும்பி வரும்போது துணி நைந்திருக்கும், விரல்நுனி ஊறி வெளுத்திருக்கும். 1986-ல் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா வந்தது. அப்புறம் அதே கடலில் பயந்து பயந்து இறங்க வேண்டியிருந்தது.

காயும் பாசியின் வாசனையை நான் வெறுத்தேன். கல்லூரி விடுதியில் வீட்டில் என்ன தொழில் என்று கேட்டால் மீன் வியாபாரம் என்பேன். இரண்டாம் வருஷம் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில், கிருமி வளர்க்கும் பெட்ரித் தட்டில் அகார் ஊற்றக் கற்றுக்கொடுத்தார்கள். வெதுவெதுப்பாக, கஞ்சித் தெளிவு மாதிரி இருக்கும், ஆறினால் கட்டியாகிவிடும். இது எதிலிருந்து வருகிறது என்று புத்தகத்தைப் புரட்டினேன். சிவப்புப் பாசிகளிலிருந்து, மன்னார் வளைகுடாவில் ஜெலிடியெல்லாவிலிருந்து என்று போட்டுப் பக்கத்தில் படமும் இருந்தது. எங்கள் மரிக்கொழுந்து.

அகார் வருவதற்கு முன் ஆய்வகங்களில் கிருமி வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள். உடல் சூடான 37 டிகிரியில் அது உருகிவிடும். அகார் உருகச் சுமார் 85 டிகிரி வேண்டும், மறுபடி உறைய 40 டிகிரிக்குக் கீழே வர வேண்டும். 1880-களில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண் சொன்ன யோசனைதான் கிருமி ஆய்வின் முன்னோடியான ராபர்ட் கோச்சின் ஆய்வகத்துக்கு அகாரைக் கொண்டுவந்தது. நான் பிடித்திருந்த தட்டுக்குப் பின்னால் எங்கோ ஒரு பெண் மூச்சடக்கியிருப்பாள். அன்று ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பத்தாவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டேன்.

யூரோப்பாவில் என் நாயகி உயிரைத் தேடுகிறாள். அவள் தேடுவதும் ஓர் அகார் தட்டில்தான். அங்கிருந்துதான் நாவல் தொடங்குகிறது.

படி 4: கணக்குப் போடுங்கள்

முதல் வரைவில் அவளைப் பனிக்கு அடியிலுள்ள கடலில் மூச்சடக்கி இறங்கவைத்திருந்தேன். பார்க்க அழகு, ஆனால் நடக்காது. யூரோப்பாவின் ஈர்ப்பு பூமியுடையதில் ஏழரையில் ஒரு பங்குதான். அப்படியிருந்தும், பனி 20 கி.மீ. கனம் என்று வைத்தால், அடியில் உள்ள நீரில் அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப்போல 200 மடங்குக்கு மேல் போகும். காட்சியை அழித்துவிட்டு, குடியிருப்புக்குள் பனியை உருக்கி நிரப்பிய உப்புநீர்த் தொட்டியில் அவளை இறக்கினேன். பாசி வளர வெளிச்சம் வேண்டும், ஆகவே மேலே விளக்கு வரிசை. எழுதிப் பார்த்தபோது தொட்டிதான் அவளுக்குப் பொருத்தமாக இருந்தது. சின்னப்பாலத்துக் கடலிலும் இடுப்பளவு தண்ணீரில்தான் சிறுமிகள் கற்றுக்கொள்வார்கள்.

அடுத்த கணக்கு தூரம். வியாழன் பூமிக்குக் கிட்டத்தில் இருக்கும்போது ஒரு செய்தி போய்ச் சேரச் சுமார் 35 நிமிடம், எட்டப் போய்விட்டால் 50 நிமிடத்துக்கு மேல். பூமியிலுள்ள பாட்டியும் அவள் பேத்தியான என் நாயகியும் போனில் வாக்குவாதம் செய்ய முடியாது, ஒலிக்கடிதம்தான். கோபமாக ஒன்று சொல்லிவிட்டால் பதில் வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். சொன்னவளின் கோபம் அதற்குள் ஆறிவிடும், சொன்ன சொல்லோ இன்னும் போய்க்கொண்டிருக்கும். இந்த ஒரு கணக்கு எனக்கு மூன்று அத்தியாயங்களைக் கொடுத்தது.

அப்புறம் நீரின் ஏற்ற இறக்கம். அப்பத்தா அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் பாசிக்குப் போவார். யூரோப்பா வியாழனைச் சுற்ற 3.55 நாள் ஆகிறது. பாதை லேசான நீள்வட்டம் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் இழுப்பு கூடிக் குறைந்து, பனி விம்மித் தணியும். நாயகி அதை நாள்காட்டி பார்க்காமலே உணர்கிறாள். அந்த உணர்வு யாரிடமிருந்து வந்தது என்று நான் எங்கும் எழுதவில்லை.

படி 5: மனத்தாங்கலை முழுசாக எழுதுங்கள்

சமாதானக் காட்சிக்கு அவசரப்படாதீர்கள். வீட்டுப் பெரியவர்களைத் தெய்வமாக்கினால் சேர்வதற்கு அங்கே ஆள் இருக்காது. என் அப்பத்தா என் அத்தையை எட்டாம் வகுப்போடு நிறுத்திப் பாசிக்குக் கூட்டிப்போனார். அதை மறைத்து எழுதிய முதல் வரைவு செத்துக் கிடந்தது. நாவலில் பாட்டியும் அதைத்தான் செய்கிறாள், பேத்தி நேராகக் கேட்டுவிடுகிறாள். பதிலாக வந்த ஒலிக்கடிதத்தில் பாட்டி அரிசி விலையைப் பற்றிப் பேசுகிறாள், கீழவீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறாள். முடிக்கும் நேரத்தில், “அவ கையில மொதத் துணி சுத்திவிட்டதும் நான்தான்” என்கிறாள். பேத்தி அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். மன்னிப்பு என்ற சொல் அந்த அத்தியாயத்தில் வராது.

படி 6: சுருக்கம், ஒப்புதல், வரைவு

எழுதத் தொடங்குமுன் பத்துப் பக்கத்தில் கதைச்சுருக்கம் கொடுத்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள். முழு நாவலை எழுதியபின் மாற்றச் சொன்னால் மனசு உடைந்துவிடும். வட்டாரச் சொற்களை அப்படியே வையுங்கள். கச்சான், வாடை என்று காற்றுக்குப் பெயர் சொன்னால் தொடரின் ரசிகர்களுக்குச் சூழலிலிருந்தே புரியும்.

படி 7: வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்

அச்சுக்கு முன் அப்பத்தாவுக்கு ஏழாம் அத்தியாயத்தை வாசித்தேன். வியாழன், பனி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். நாயகி தொட்டியில் இறங்குமுன் விரலில் துணி சுற்றும் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

“துணிய நனைச்சுல சுத்தணும் தாயி. காஞ்சதக் கட்டுனா தண்ணிக்குள்ள நெகிழ்ந்துரும்.”

உள்ளே போய் ஒரு துண்டுத் துணியும் செம்பில் தண்ணீரும் கொண்டுவந்து என் ஆள்காட்டி விரலில் சுற்றிக் காட்டினார். முடிச்சு மட்டும் நீயே போடு என்றார். பல்லால் கடித்து இழுத்துப் போட்டேன். கைப்பிரதியில் அந்த வரியைத் திருத்தி, மறுநாள் காலையில் தொடர்க்காரர்களுக்கு அனுப்பிவைத்தேன்.