பலகை அடித்த ஸ்டுடியோ ஏன் இரைகிறது?

பத்துக்குப் பன்னிரண்டடியில் ஒரு பாட்டுப் பதிவு அறை. நண்பர் ஒருவர் மூன்று சுவரிலும் தேக்குப் பலகையை இடைவெளியே இல்லாமல் அடித்து பாலிஷ் போட்டிருந்தார். கண்ணுக்கு அவ்வளவு அழகு. நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினேன். ‘டர்ர்ர்’ என்று சுவருக்குச் சுவர் ஓடித்தான் அடங்கியது. செலவழித்த மனிதரின் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

மரம் ஒலியைக் குடித்துவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. கெட்டியான, வழவழப்பான பலகை பாடகரின் குரலைப் பெரும்பாலும் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். உண்மையான வேலை பலகைக்குப் பின்னால்தான் நடக்கிறது. பலகையை ரீப்பர்களாக, அதாவது ஒடுக்கமான நீளச் சட்டங்களாக அறுத்து, இடைவெளி விட்டு அடித்து, பின்னால் கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) வையுங்கள். தூசி பறக்காமலிருக்க முன்னால் மெல்லிய துணி போதும். பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம். இடைவெளி குறுகினாலோ பின்னாலுள்ள ஆழம் கூடினாலோ உறிஞ்சப்படும் சுருதி கீழே இறங்கும். எல்லா இடைவெளியையும் ஒரே அளவில் வைத்தால் ஒரு குறுகிய சுருதிப் பகுதி மட்டும் அளவுக்கு மீறி உறிஞ்சப்படும். அதனால் அளவை மாற்றி மாற்றி வையுங்கள்.

பேஸ் என்னும் கனத்த கீழ்ச்சுருதி ஒலியை அடக்க மெல்லிய ப்ளைவுட் வாங்கி நேராகச் சுவரில் ஆணி அடிப்பவர்கள் உண்டு. ப்ளைவுட் அதிர்ந்தால்தான் பேஸ் குறையும். 6 மி.மீ. ப்ளைவுட்டைச் சட்டத்தில் பொருத்தி, பின்னால் 10 செ.மீ. காற்றிடம் விட்டு, ஓரங்களை அடைத்தால் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் பக்கம் உறிஞ்சும். உள்ளே வைக்கும் கிளாஸ் வூல் ப்ளைவுட்டைத் தொடக்கூடாது.

தெருவில் போகும் ஆட்டோவின் ஹாரனை இது எதுவும் தடுக்காது. அதற்கு எடையுள்ள சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். அப்புறம், ஈரம் காயாத மரத்தை வாங்காதீர்கள். ஏசி அறையில் அது சுருங்கி, திருகு தளர்ந்து, பேஸ் வாசிக்கும்போது ‘கிர்ர்’ என்று கூடவே பாடும்.

எதை எங்கே வைப்பது? பதிவான ஒலிகளைக் கலந்து மிக்ஸ் செய்யும் நாற்காலியில் உட்காருங்கள். இன்னொருவர் பக்கச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்தட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் பலகை கூடாது, கிளாஸ் வூல் பேனல்தான் வேண்டும். நண்பரும் அங்கிருந்த தேக்கைக் கழற்றி, ரீப்பராக அறுத்துப் பின்சுவருக்குக் கொண்டுபோனார். இப்போது கைதட்டினால் தட்டு மட்டும்தான் கேட்கிறது.