ஒகஸ்டஸின் குடும்பத்தை ஒரே தாளில் வரைவது எப்படி

உரோமப் பேரரசர்களைப் படிக்கும் பிள்ளைகள் ஒகஸ்டஸ், டைபீரியஸ், கலிகுலா, குளோடியஸ், நீரோ என்று ஐந்து பெயரையும் ஆண்டுகளோடு ஒப்புவிப்பார்கள். ஒகஸ்டஸுக்கு நீரோ என்ன முறை என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு விறாந்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே பேரரசர் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, பெண்களில் இருந்துதான் வரையத் தொடங்குவோம். ஒகஸ்டஸின் இரத்தம் பின்னால் வந்த பேரரசர்களுக்குப் போய்ச் சேர்ந்தது மகள் வழியாக மட்டுமே.

மத்திய வீதிக் கடையில் ஒரு டிமைத் தாள், சிவப்பு, நீலம், பச்சைப் பேனைகள், ஒரு பென்சில் வாங்குங்கள். தாளைத் தரையில் விரித்து நாலு மூலையிலும் பாரம் வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது கட்டாயம்.

மேல் வரிசையில் ஸ்கிரிபோனியா, லிவியா, ஒக்டேவியா என்று மூன்று பெண்கள். முதல் இருவரும் ஒகஸ்டஸின் மனைவிமார், மூன்றாமவர் அவருடைய அக்கா. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், அவர் வழிவந்தவர்களுக்கும் அதே நிறம். ஸ்கிரிபோனியாவுக்குச் சிவப்பு. கி.மு. 39இல் அவர் பெற்ற ஜூலியாதான் ஒகஸ்டஸின் ஒரே பிள்ளை. லிவியாவுக்கு நீலம். கையில் டைபீரியஸ், வயிற்றில் துரூசஸ் என்று முதல் கணவரின் பிள்ளைகளோடு கி.மு. 38இல் ஒகஸ்டஸை மணந்தவர். ஒக்டேவியாவுக்குப் பச்சை. முதல் கணவருக்குப் பெற்ற மகன் மார்செல்லஸ். மார்க் அன்ரனிக்குப் பெற்ற இரண்டு மகள்மாருக்கும் அன்ரோனியா என்றே பெயர்.

பெயர்க் குழப்பத்துக்கு இங்கேயே வழி செய்துவிடுங்கள். ஒவ்வொரு பெண்ணின் பெயருக்குக் கீழும் தாயின் பெயரை எழுதுங்கள். ‘ஜூலியாவின் மகள் அக்ரிப்பினா’, ‘அக்ரிப்பினாவின் மகள் அக்ரிப்பினா’ என்று எழுதினால் பிறகு தடுமாற்றமில்லை.

இனி ஜூலியாவின் மூன்று கலியாணங்கள். இதில் அவசரப்பட வேண்டாம், மொத்தக் கதையும் இங்கேதான் இருக்கிறது. முதலில் 14 வயதில் மார்செல்லஸுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தகப்பனின் அக்கா மகன், நமக்குப் பழகிய மச்சான் முறை. கி.மு. 23இல் அவர் இறந்தார். அடுத்தவர் தகப்பனின் நண்பரும் தளபதியுமான அக்ரிப்பா. ஐந்து பிள்ளைகள். மூத்த ஆண் பிள்ளைகளான கையஸையும் லூசியஸையும் ஒகஸ்டஸ் தாமே தத்தெடுத்துக்கொண்டார். அக்ரிப்பாவும் இறந்தபின் மூன்றாவதாக லிவியாவின் மகன் டைபீரியஸ். அதற்காக அவர் விப்சானியா என்ற மனைவியைப் பிரிய வேண்டியிருந்தது. பின்னொரு நாள் அவரைக் காண நேர்ந்தபோது டைபீரியஸ் கண்கலங்கிப் பின்தொடர்ந்தார் என்றும், அதன்பின் இருவரும் சந்திக்காதபடி பார்த்துக்கொண்டார்கள் என்றும் உரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். விப்சானியாவை விட்டுவிட்டு வரைந்த தாளை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

தத்துக்குப் புள்ளிக்கோடு போடுங்கள். கையஸும் லூசியஸும் இளமையிலேயே இறந்ததால் கி.பி. 4இல் ஒகஸ்டஸிடமிருந்து டைபீரியஸுக்கு ஒரு புள்ளிக்கோடு வரும். டைபீரியஸ் ஆட்சிக்கு வந்தது அந்தக் கோட்டால்தான். அவரிடம் சிவப்பு இல்லை.

நிறங்கள் கலக்கும் இடத்துக்கு வருவோம். லிவியாவின் மகன் துரூசஸ், ஒக்டேவியாவின் இளைய மகள் அன்ரோனியாவை மணந்தார். அவர்களின் பிள்ளைகள் ஜெர்மானிக்கஸும் குளோடியஸும் நீலமும் பச்சையும். ஜெர்மானிக்கஸ் ஜூலியாவின் மகள் அக்ரிப்பினாவை மணந்ததும் மூன்று நிறமும் சேர்ந்தன. கலிகுலாவும் இளைய அக்ரிப்பினாவும் அந்தச் சேர்க்கையில் பிறந்தவர்கள்.

இப்போது குளோடியஸைப் பாருங்கள். கி.பி. 41இல் பேரரசரான அவரிடம் சிவப்பு இல்லை. கி.பி. 49இல் அவர் மணந்தது இந்த இளைய அக்ரிப்பினாவை, சொந்தத் தமையன் மகளை. உரோமச் சட்டமும் அதை ஏற்கவில்லை. செனட் சபை சட்டத்தை மாற்றிக் கொடுத்தது. அடுத்த ஆண்டே தம் மகன் பிரித்தானிக்கஸ் இருக்க, அக்ரிப்பினாவின் மகன் நீரோவைத் தத்தெடுத்தார். நீரோவிடம் மூன்று நிறமும் உண்டு. ஒகஸ்டஸின் மகள், அவளின் மகள், அவளின் மகள், அவள் பெற்ற மகன். பிள்ளைகள் விரலை வைத்து அந்தச் சிவப்புக் கோட்டில் இறங்கும்போது வரும் தெளிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

குளோடியஸின் பெயருக்குப் பக்கத்தில் நம் இலங்கைத் தீவையும் சின்னதாக வரையச் சொல்வேன். இங்கிருந்து நான்கு தூதர்கள் அவரிடம் போனதாக உரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். வெவ்வேறு முகங்கள் பொறித்த உரோம வெள்ளிக் காசுகள் எல்லாம் ஒரே நிறையில் இருந்தது இத்தீவு அரசரை வியக்க வைத்ததாம்.

அப்புறம் தாளின் ஓரத்தில் பண்டடேரியா என்று ஒரு தீவை வரையுங்கள். ஜூலியாவைத் தகப்பனே கி.மு. 2இல் அங்கே நாடுகடத்தினார். தாய் ஸ்கிரிபோனியா தானாகவே மகளோடு போனார். ஜூலியாவின் மகள் அக்ரிப்பினா கி.பி. 33இல் அங்கேயே இறந்தார். நீரோவின் மனைவியும் குளோடியஸின் மகளுமான ஒக்டேவியா கி.பி. 62இல் அங்கே கொல்லப்பட்டார். மூன்று பேரிலிருந்தும் அந்தத் தீவுக்குக் கோடு இழுங்கள்.

பென்சில் எதற்கென்றால், நஞ்சு வைத்த கதைகளுக்கு. லிவியா இன்னாரைக் கொன்றார், இளைய அக்ரிப்பினா குளோடியஸுக்குக் காளானில் நஞ்சு கலந்தார் என்பவற்றை டாசிட்டஸும் சுவெட்டோனியஸும் பல பத்தாண்டுகள் கழித்தே எழுதினார்கள். அவற்றைப் பேனையால் எழுத வேண்டாம்.

நீரோ இறந்த கி.பி. 68ஓடு இந்தத் தாள் முடிகிறது. சற்றுப் பின்னால் பேரரசரான வெஸ்பாசியனுக்கும் அவருடைய இரண்டு மகன்மாருக்கும் கொப்பியில் அரைப் பக்கம் போதும். பிற்காலத்தில் உரோமை ஆண்ட செவரன் குடும்பத்துக்கு மறுபடியும் டிமைத் தாள் வேண்டும். அங்கே ஜூலியா டொம்னா, அக்கா ஜூலியா மேசா, மேசாவின் இரண்டு மகள்மார் என்று தொடங்குங்கள்.