காப்பிக்குத் தராசு: சல்லிசாக, ஆனால் பார்த்து வாங்குங்கள்

அதே பொடி, அதே பில்டர், அதே பால். ஆனாலும் நேற்றைய காப்பி கெட்டி, இன்றைக்குத் தண்ணி. பெரும்பாலான வீடுகளில் இதற்குக் காரணம் கரண்டிதான். தலைதட்டி எடுத்த ஒரு மேசைக்கரண்டியில் 5 கிராம் அளவுக்குப் பொடி நிற்கும். குமித்து எடுத்தால் 8, 9 கிராம்கூட வரும். கடையில் அப்போதுதான் அரைத்து வாங்கிய பொடி பொசுபொசுவென்று இருக்கும். டப்பாவில் பத்து நாள் கிடந்தால் அமுங்கிவிடும். கரண்டி அதேதான், உள்ளே இருக்கும் எடை அதே இல்லை. எடைபோட்டுப் போட்டால் இந்தத் தொல்லை ஒரே நாளில் தீரும். அதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கவும் வேண்டாம்.

முதலில் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று பாருங்கள். மூன்று பேருக்கு டிகாஷன் இறக்க 30 கிராம் பொடி, 180 கிராம் கொதிநீர் என்று வைத்துக்கொள்வோம். 1 கிராம் கணக்கில் காட்டும் தராசில் பொடி அரை கிராம் முன்னே பின்னே இருக்கலாம். 30 கிராமில் அரை கிராம் என்பது நூற்றுக்கு 2 பங்குகூட இல்லை, நாக்குக்குத் தெரியாது. ஒருவருக்கு மட்டும் 12 கிராம் போடுகிறவருக்கு அதே அரை கிராம் நூற்றுக்கு 4 பங்கு ஆகிவிடும். பேப்பர் வடிகட்டியில் 15 கிராம் பொடிக்கு 240 கிராம் தண்ணீர் ஊற்றுகிறவர்களும், எஸ்பிரெசோ மெஷின் வைத்திருப்பவர்களும் 0.1 கிராம் காட்டும் தராசுதான் வாங்க வேண்டும். பில்டர் காப்பிக்கு 0.01 கிராம் எதற்கும் உதவாது, தொந்தரவுதான் மிச்சம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் வீசும்போது சன்னல் திறந்திருந்தாலே அந்தக் கடைசி எண் நிற்காமல் ஆடும். சீலிங் பேன் போட்டாலும் அதே கதைதான்.

சந்தையில் சல்லிசாகக் கிடைப்பவை மூன்று வகை. 300 முதல் 500 ரூபாய்க்குள் வரும் சமையல் தராசு 5 கிலோ அல்லது 10 கிலோ தாங்கும், 1 கிராம் கணக்கில் காட்டும். நகை வேலைக்காரர்கள் பயன்படுத்தும் உள்ளங்கை அளவுத் தராசு 200 அல்லது 500 கிராம்தான் தாங்கும். கோவை ராஜ வீதிப் பக்கம் நகைத்தொழில் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது, காப்பிக்கென்றே டைமரோடு வரும் தராசு. 2 அல்லது 3 கிலோ தாங்கும், 0.1 கிராம் காட்டும், ஆயிரம் ரூபாயை ஒட்டி விலை இருக்கும்.

பில்டர் காப்பி மட்டும் போடும் வீட்டுக்கு முதல் வகையே போதும். பேப்பர் வடிகட்டியும் உண்டு என்றால் நேரே மூன்றாவதை வாங்குங்கள். டைமர் ஒன்றுக்காக மட்டும் அதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், டைமர் போனிலேயே இருக்கிறது. நகைத் தராசை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். பித்தளை பில்டரில் தனியாகவே அரைக் கிலோவைத் தாண்டும் உருப்படிகள் உண்டு. எண்ணைப் பூஜ்யமாக்கும் டேர் பொத்தானை அழுத்தினால் பாத்திரத்தின் எடை திரையிலிருந்துதான் மறையும். தராசு அதைச் சுமந்துகொண்டேதான் இருக்கும். தாங்கும் எடையைத் தாண்டினால் உள்ளே எடையை உணரும் லோட் செல் நிரந்தரமாக வளைந்துவிடலாம். அப்படி வளைந்துவிட்டால் அந்தத் தராசு காட்டுவது எதையும் நம்ப முடியாது.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைவிடத் தராசு நடந்துகொள்ளும் விதம் முக்கியம். எப்போதும் 30 கிராமை 31 என்று காட்டும் தராசோடு குடும்பம் நடத்தலாம். உங்கள் அளவை அதற்கேற்ப ஒருமுறை மாற்றிக்கொண்டால் முடிந்தது. ஒருமுறை 29, மறுமுறை 32 என்று காட்டுவதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே கடையிலேயே ஒரு டம்ளரை ஐந்து தடவை தூக்கித் தூக்கி வையுங்கள். 1 கிராம் தராசில் ஐந்து தடவையும் ஒரே எண், மிஞ்சினால் ஒரு கிராம் வித்தியாசம், வர வேண்டும். எடுத்தவுடன் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். அடுத்து அதே டம்ளரைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை எடை மாறினால் வேறொன்று கேளுங்கள்.

மூன்றாவது சோதனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வெறும் கிண்ணத்தை வைத்து டேர் அழுத்துங்கள். பிறகு சர்க்கரையையோ உப்பையோ சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். மலிவுத் தராசுகளில் பல, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மெதுவாக ஏறும் எடையைத் தன் தடுமாற்றம் என்று எடுத்துக்கொண்டு மறுபடி மறுபடி பூஜ்யம் ஆக்கிக்கொள்ளும். இரண்டு கிராம் விழுந்த பின்னும் திரையில் 0 நிற்கும். ஏற்கெனவே வாங்கிய தராசு இப்படி இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். டேர் அழுத்தாமலே எடை போடுங்கள். கிண்ணம் 84 கிராம் என்றால் 114 வரும்வரை பொடி போடுங்கள். திரை பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே வராததால் அந்தக் கோளாறு தலைகாட்டாது.

காட்டும் எடை சரிதானா என்று பார்க்க வீட்டிலேயே வழி உண்டு. ஒரு பவுன் காசு 8 கிராம். மோதிரம், தோடு வாங்கிய ரசீதில் மில்லிகிராம் வரை எடை போட்டிருக்கும். கல் வைத்த நகை என்றால் மொத்த எடை என்று இருப்பதைப் பாருங்கள், கல் கழித்த எடையை அல்ல. 0.1 கிராம் தராசுக்கு இதைவிட நல்ல படிக்கல் வீட்டில் கிடைக்காது. பெரிய எடைக்கு, மளிகைக் கடையின் முத்திரையிட்ட தராசில் ஒரு உப்புப் பொட்டலத்தை எடைபோட்டுக் குறித்து வந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். தராசில் காட்டும் எடையைச் சரிசெய்யும் கேலிபரேஷன் பொத்தான் இருந்தால், அது கேட்கும் 100 அல்லது 500 கிராம் சரியான எடைக்கல் கையில் இல்லாதபோது தொடவே வேண்டாம். தோராயமான எடையை வைத்து அழுத்தினால் அந்தத் தப்பையே சரியென்று அது பதிந்துகொள்ளும்.

வைக்கும் இடமும் முக்கியம். மேடைக்கல் மேல் நேராக வையுங்கள், பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வேண்டாம். அதே மேடையில் மாவு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தால் அதிர்வில் எண் நிற்காது, நிறுத்திவிட்டு எடை போடுங்கள். ஓடும் இண்டக்ஷன் அடுப்புக்குப் பக்கத்திலும் எண் தடுமாறலாம். சூடான போசியை நேராகத் தட்டில் வைத்தால் சூடு இறங்கி எடை மெல்ல நகரும். நடுவில் ஒரு சின்ன மரப்பலகை போட்டு அதன் பிறகு டேர் அழுத்துங்கள். பலகை தட்டின் மேல் மட்டும் உட்கார வேண்டும். ஓரம் தராசின் உடம்பில் பட்டால் எடையில் ஒரு பங்கை அது தாங்கிக்கொள்ளும், திரை குறைத்துக் காட்டும். யூனிட் பொத்தானில் விரல் பட்டு அவுன்ஸ், மில்லி என்று மாறியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். பாலுக்கான மில்லியில் மாறியிருந்தால் எண் கொஞ்சம்தான் குறையும், கண்டுபிடிக்க நேரமாகும்.

பேட்டரியில் டிரிபிள் ஏ போடும் தராசுதான் வசதி. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். பேட்டரி இறங்கினால் எண் அலையும். தராசு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் புது பேட்டரி போட்டுப் பாருங்கள்.

இனிப் பயன்படுத்தும் முறை. பில்டரின் மேல்பாத்திரத்தில் 30 கிராம் பொடி போட்டு, லேசாகத் தட்டிச் சமப்படுத்தி, அழுத்துதட்டை வையுங்கள். பில்டரைக் கீழ்ப்பாத்திரத்தோடு தராசில் ஏற்றி டேர் அழுத்தி, கொதித்து அடங்கிய தண்ணீரை 180 வரும்வரை ஊற்றுங்கள். மேல்பாத்திரம் சின்னதென்றால் இரண்டு தடவையாக. ஊற்றியதும் இறக்கிவிடலாம், இந்தத் தராசுகள் ஓரிரு நிமிடத்தில் தானே அணைந்துவிடும், டிகாஷன் இறங்க 15, 20 நிமிடம் ஆகும். அதனால் கீழ்ப்பாத்திரத்தின் வெற்று எடையை முதல் நாளே ஒரு சீட்டில் எழுதி பில்டர் இருக்கும் அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள். இறங்கி முடிந்ததும் எடை போட்டு அதைக் கழித்தால் டிகாஷன் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

பொடி தன் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்குத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். எனவே 180 ஊற்றினால் 115, 120 கிராம் வர வேண்டும். 90தான் வந்தது என்றால் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பொடி மிக நைசாகி ஓட்டை அடைத்திருக்கிறது. அடுத்த தடவை கடையில் ஒரு சுற்று பெருசாக அரைக்கச் சொல்லுங்கள். ஐந்தே நிமிடத்தில் 120 வந்துவிட்டால் பொடி பெருசு, டிகாஷன் வெளுத்திருக்கும். ஒரு டம்ளருக்கு 40 கிராம் டிகாஷன், 100 கிராம் பால் என்று தொடங்கி நாக்குக்கு ஏற்றபடி 5 கிராம் கூட்டிக் குறையுங்கள்.

சிக்கரியைத் தனியாக வாங்கிக் கலப்பவர்கள் தினம் 24 கிராம் தூள், 6 கிராம் சிக்கரி என்று எடைபோட வேண்டாம். 6 கிராமில் அரை கிராம் தவறினால் சுவை மாறும். 200 கிராம் காப்பித்தூளுக்கு 50 கிராம் சிக்கரி என்று மொத்தமாக எடைபோட்டு, டப்பாவை மூடி நன்றாகக் குலுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.